காலியாக விட்ட கட்டம்

மார்ச் 4, திங்கள்

அருட்செல்வம் சார் இன்று என் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்தக் கட்டம் ஏன் காலியா இருக்கு?" என்று கேட்டார்.

"அது அப்படித்தான் சார் இருக்கணும்."

"யோசிச்சுப் பாருங்க."

யோசித்துத்தான் காலியாக விட்டேன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அவர் புராஜெக்ட் மேனேஜர். நான் டிசைன் செய்கிறவள். சாஃப்ட்வேர் ஆட்கள் கோட் எழுத உட்காரும் முன் எது எதோடு சேரவேண்டும் என்று வரைந்து கொடுப்பது என் வேலை. அந்தப் படத்தை மாடல் என்போம். இப்போது வரைவது ஒரு மருத்துவமனைக்காக. கோவையில் தலைமை, ஈரோடு, சேலம் பக்கம் கிளைகள்.

மதியம் சாப்பிடும்போது பெனாசிர் கேட்டாள். எங்கள் டீமில் டெஸ்டிங் பார்க்கிறவள். பிழை கண்டுபிடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. "அக்கா, ஆஸ்பெக்ட் ஆஸ்பெக்ட்னு சொல்றீங்களே, அதை எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

வீட்டு பிளானை வைத்துச் சொன்னேன். என் வீட்டுக்காரர் பில்டர், அவர் மேஜையில் பார்த்ததுதான். அறைகளுக்கு ஒரு படம் இருக்கும். வயரிங்குக்குத் தனியாக ட்ரேசிங் தாளில் ஒரு படம் இருக்கும். வயர் ஹாலுக்கும் சொந்தமில்லை, சமையலறைக்கும் சொந்தமில்லை. எல்லா அறைக்குள்ளும் போகும். அதனால் தனித்தாளில் வரைந்து மேலே வைத்துப் பார்ப்பார்கள். சாஃப்ட்வேரிலும் அப்படிச் சில சமாச்சாரங்கள் உண்டு. ஒரு நோயாளியின் விவரத்தை யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக்கூடாது என்பது அப்படி ஒன்று. பதிவு, லேப், மருந்துக்கடை, பில், செல்போனுக்குப் போகும் மெசேஜ், எதைத் தொட்டாலும் அது குறுக்கே வரும். அந்தந்த இடத்தில் அவரவர் எழுதினால் ஒருத்தர் மறப்பார், இன்னொருத்தர் வேறு மாதிரி எழுதுவார். ஆகவே அதை மட்டும் தனி மாடலாக ஒரு தடவை ஒழுங்காக வரைந்து எல்லாவற்றிலும் பின்னிவிடுவது. அதுதான் ஆஸ்பெக்ட். நாளைக்கு வேறு ஆஸ்பத்திரி வந்தாலும், பள்ளிக்கூடமே வந்தாலும் அதே மாடலை எடுத்துக்கொள்ளலாம்.

"அப்ப காலிக் கட்டம்?"

"எடுத்துப் பயன்படுத்துறவங்க அதைக் கட்டாயம் நிரப்பணும். நிரப்பலைன்னா பின்னல் ஓடாது, பிழை காட்டி நின்னுரும். என் மாடல்ல அப்படி ஒண்ணே ஒண்ணுதான் வெச்சிருக்கேன். 'யாருடைய சம்மதம்?'"

அதை நிரப்ப வேண்டுமென்றால், நோயாளியிடம் யாரோ ஒருவர் நேரில் கேட்கிற ஓர் இடத்தை அந்த ஆஸ்பத்திரி காட்டியாக வேண்டும். ஏமாற்ற வழியில்லை. எனக்கு அந்தக் கட்டத்தின் மேல் கொஞ்சம் கர்வம் உண்டு.

சாயங்காலம் மகள் மிருதுளாவுக்கு வாய்ப்பாடு. அத்தை, என் வீட்டுக்காரரின் அம்மா, பழைய பேச்சை எடுத்தார். தோசை கருகிவிட்டது.

மார்ச் 7, வியாழன்

மதியத்துக்குமேல் லீவு. காந்திபுரத்தில் ஒரு வேலை. பெனாசிர் துணைக்கு வந்தாள், கரும்பு ஜூஸ் வாங்கித் தந்தாள். அடிவயிறு வலிக்கிறது. வீட்டில் தலைவலி என்றேன்.

மார்ச் 12, செவ்வாய்

மருத்துவமனை நிர்வாகி ஞானசேகர் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, மரியாதையான பேச்சு. எல்லாம் பிடித்திருக்கிறது, ஒன்றைத் தவிர.

"பொம்பளைங்க பாதிப்பேர் வீட்டுக்காரர் நம்பர்தான் கொடுப்பாங்க, மேடம். மெசேஜ் அவருக்கே போகட்டும்."

"கொடுத்தா அனுப்பலாம் சார். கேக்காம அனுப்பக்கூடாது."

"கவுன்ட்டர்ல கூட்டம். ஒவ்வொருத்தர்கிட்டயும் இதைக் கேட்டுட்டு நிக்க முடியுங்களா? கல்யாணமானவங்கன்னா புருஷன், ஆகாதவங்கன்னா அப்பா. நீங்களே போட்டுருங்க. வேண்டாங்கறவங்க சொல்லி மாத்திக்கட்டும்."

அருட்செல்வம் சார் என் பக்கம் திரும்பி, "டீஃபால்ட் ஒண்ணு போட்டுரலாமே தமயந்தி" என்றார். பேனாவை நீட்டுவது போல அவ்வளவு சாதாரணமாக.

"போட மாட்டேன் சார்."

இந்தப் பதினோரு வருஷ வேலையில் ஒரு கூட்டத்தில் நான் 'மாட்டேன்' என்று சொன்னது இதுதான் முதல் தடவை. 'பார்க்கலாம் சார்', 'கஷ்டம் சார்' எல்லாம் சொல்லியிருக்கிறேன். பிறகு ஞானசேகர் காபி நன்றாக இருக்கிறது என்றார்.

மார்ச் 13, புதன்

ஏன் போட மாட்டேன் என்பதை சாருக்கு மெயிலில் எழுதினேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

டீஃபால்ட் என்று முன்கூட்டியே ஒரு பதில் நிரப்பியிருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். கேட்காமலே காரியம் நடக்கும்போது யாருக்குக் கேட்கத் தோன்றும்? 'வேண்டாதவர்கள் மாற்றிக்கொள்ளட்டும்' என்றால், மாற்றலாம் என்று தெரிந்திருக்க வேண்டும், கவுன்ட்டரில் பக்கத்தில் புருஷன் நிற்கும்போது வாயைத் திறக்கத் துணிச்சலும் வேண்டும். இன்னொன்று: இது ஒரே ஒரு ஆஸ்பத்திரிக்கான கோட் இல்லை. எடுத்து எடுத்துப் பயன்படுத்தப் போகிற மாடல். ஒரு இடத்தில் மட்டும் இருந்தால் அது தப்பு. இதற்குள் வைத்துவிட்டால் போகிற இடத்துக்கெல்லாம் கூடவே போய், அப்புறம் அதற்கு வழக்கம் என்று பேராகிவிடும்.

சார் பதில்: "Noted" என்று ஒற்றைச் சொல். தமிழில் சொன்னால், 'போய் வேலையைப் பார்'.

மார்ச் 18, திங்கள்

நேற்று என் வீட்டுக்காரர் என் போனைக் கேட்டார். கொடுத்தேன். பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். வாரத்துக்கு ஒரு தடவை உண்டு. கல்யாணமானதிலிருந்து வழக்கம்தான், அதில் விசேஷம் ஒன்றுமில்லை. காந்திபுரத்து கிளினிக் நம்பரை நான் முன்பே அழித்திருந்தேன்.

கூட்டுக்குப் பீர்க்கங்காய். மிருதுளாவுக்குக் கணக்கில் நல்ல மார்க்.

மார்ச் 21, வியாழன்

இன்று எழுத முடியவில்லை.

மார்ச் 23, சனி

எழுதிவிடுகிறேன்.

வியாழன் சாயங்காலம் எல்லோரும் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் போனில் மெசேஜ் வந்தது. எடுத்துப் பார்த்தார். பிறகு, பேப்பர் படிக்கிற குரலில், தன் அம்மாவுக்கும் கேட்கும்படி படித்தார். "தமயந்தி ஜெயப்பிரகாஷ், காப்பர்-டி பொருத்திய பின் செய்யவேண்டிய பரிசோதனைக்கு அடுத்த வியாழன் காலை வரவும்."

மிருதுளா, "காப்பர்-டின்னா என்னம்மா?" என்றாள். கருத்தடைக்கு வைத்துக்கொள்வது என்று சொல்ல முடியாமல், அவளை உள்ளே போகச் சொன்னேன்.

கிளினிக்கில் என் நம்பரைத்தான் கொடுத்தேன். எழுதியும் கொடுத்தேன். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன் மிருதுளாவுக்குக் காய்ச்சல் என்று அங்கே போனபோது அவர் நம்பரைப் பதிந்திருந்தார்கள். ஒரே குடும்பம் என்று கம்ப்யூட்டர் தானாகச் சேர்த்துக்கொண்டது. எந்தக் கம்பெனி செய்த சாஃப்ட்வேரோ தெரியாது. அதைச் செய்தவன் கெட்டவனாக இருக்கமாட்டான். யாரோ 'கூட்டம் அதிகம், நீங்களே போட்டுருங்க' என்று சொல்லியிருப்பார்கள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை" என்றார் அவர்.

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க. அதனாலதான் கேக்கலை."

"வீட்டுக்கு ஒரு பையன் வேணும்னு அம்மா ஆசைப்படறது தப்பா?"

"மிருதுளா பொறந்தப்ப எனக்கு எத்தனை பாட்டில் ரத்தம் ஏத்துனாங்கன்னு உங்களுக்குத் தெரியும். அதுக்கப்புறம் ரெண்டு தடவை கலைஞ்சதும் தெரியும். இனியொண்ணு உடம்பு தாங்காதுன்னு டாக்டர் சொன்னப்ப நீங்களும் பக்கத்துலதான் உக்காந்திருந்தீங்க."

"டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க."

அத்தை தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "அம்மிணி, அதை எடுத்துட்டு வந்துரு. நடந்தது நடந்து போச்சு, நாங்க ஒண்ணும் சொல்லலை" என்றார். நிஜமாகவே பெருந்தன்மையாகச் சொல்வதாக அவருக்கு நினைப்பு.

"அடுத்த சனிக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார் அவர்.

"நான் எடுக்க மாட்டேன்."

இரண்டாவது 'மாட்டேன்'. முதலாவதைவிட இது சுலபமாக வந்தது.

மார்ச் 25, திங்கள்

சார் அறைக்குள் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். "தமயந்தி, இது ஒரு கட்டம்மா. ஒரே ஒரு கட்டம்."

"ஆமா சார். அதான் விடமாட்டேங்கறேன்."

"கிளையன்ட் காத்திருக்காங்க. நீங்க நிரப்பலைன்னா நிர்மல்குமார் நிரப்புவான். எப்படியும் நடக்கப்போறதுதானே?"

"நடக்கட்டும் சார். என் கையால நடக்காது."

முகத்தைத் தேய்த்துக்கொண்டார். கெட்டவரில்லை. அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். மதியமே என்னை வேறு மாடிக்கு மாற்றிவிட்டார்கள். பழைய சாஃப்ட்வேர் ஒன்றில் வரும் புகார்களுக்குப் பதில் சொல்லும் வேலை. 'பாஸ்வேர்டு மறந்துபோச்சு', 'பிரின்ட் வரலை'. என் மேஜை ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில்.

வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜை முழுக்கக் காலி செய்து கழுவினேன். நன்றாக இருந்தது.

மார்ச் 27, புதன்

எங்கள் டீமில் கோட் எழுதும் நிர்மல் வந்து நின்றான். "தப்பா நினைக்காதீங்க மேடம்." கட்டாயக் கட்டத்தை விருப்பக் கட்டமாக மாற்றி, உள்ளே புருஷன், அப்பா என்று வைத்துவிட்டானாம். பின்னல் எல்லா இடத்திலும் பிழையில்லாமல் ஓடுகிறதாம். அரை மணி நேரத்தில் முடிந்ததாம். "அவ்ளோ சுத்தமா வரைஞ்சிருக்கீங்க மேடம், ஒரே இடத்துல மாத்துனேன், எல்லா இடத்துலயும் மாறிருச்சு."

பாராட்டாகத்தான் சொன்னான். நல்ல மாடலைத் திருத்துவதும் சுலபம், கெடுப்பதும் சுலபம். இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

மார்ச் 30, சனி

காரை வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தார். நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மறுபடி அடித்தார். எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். நான் உரித்துக்கொண்டே இருந்தேன். சாம்பாருக்குத் தேவையானதைவிட நிறைய உரித்துவிட்டேன்.

உள்ளே வந்தார். "எல்லார் முன்னாடியும் என்னை அசிங்கப்படுத்தறே."

"நீங்கதான் ஹாரன் அடிச்சீங்க."

கை ஓங்கவில்லை. அவர் ஒருபோதும் ஓங்கமாட்டார். அப்படி நினைத்து எத்தனை வருஷம் நன்றியோடு இருந்திருக்கிறேன்! மிருதுளாவைக் கூப்பிட்டார். "வா கண்ணு, திருப்பூர் அத்தை வீட்டுக்குப் போலாம்." காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். என்னைப் பார்த்துக் கையாட்டினாள் குழந்தை.

ஏப்ரல் 1, திங்கள்

காலையில் போன் செய்தேன். "எப்ப திங்க்ஸைச் சரி பண்ணிட்டு வர்றியோ, அப்ப புள்ளை வரும்" என்றார். 'திங்க்ஸ்' என்றார். மெசேஜில் சத்தமாகப் படித்த சொல்லைத் தானாகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

லீவு சொல்லவில்லை. திருப்பூர் பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவிநாசி தாண்டும்வரை என்ன பேசவேண்டும் என்று ஒத்திகை பார்த்தேன். அதற்குப் பிறகு ஒத்திகையை விட்டுவிட்டேன்.

சுமதிதான் கதவைத் திறந்தாள். அவருடைய தங்கை. மூன்று பெண் குழந்தைகள், வீடெல்லாம் கிரேயான். அண்ணன் பேச்சைத் தட்டாதவள். சண்டை போடத் தயாராகத்தான் போயிருந்தேன்.

"மிருதுளாவைக் கூட்டிட்டுப் போக வந்தேன், சுமதி."

"அண்ணன் அனுப்பக்கூடாதுன்னு சொல்லியிருக்குது."

"தெரியும். இருந்தாலும் கூட்டிட்டுத்தான் போவேன்."

அவள் நிலைப்படியை விட்டு நகர்ந்தாள். பிறகு உள்ளே போய் மிருதுளாவின் பையை எடுத்து வந்து கொடுத்தாள். துணியெல்லாம் துவைத்து மடித்து வைத்திருந்தாள். செருப்பு மாட்டிவிடும்போது குனிந்தபடியே சொன்னாள். "எனக்கு மூணாவது வேண்டாம்னுதான் இருந்துச்சுங்க அண்ணி. என்கிட்ட யாரும் கேக்கலை."

அந்த மூன்றாவதுதான் அப்போது என் புடவை முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. தூக்கி ஒரு முத்தம் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்குத் திரும்பவில்லை. உக்கடத்தில் பெனாசிர் வீட்டில் இருக்கிறோம். அவளுடைய அம்மா ஒன்றும் கேட்கவில்லை, இன்னொரு டம்ளர் அரிசி போட்டார்.

ஏப்ரல் 3, புதன்

சிங்காநல்லூரில் ஒரு மாடி வீடு பார்த்தேன். சமையலறை ரொம்பச் சின்னது. "வீட்டுக்காரர் வரலீங்களா?" என்றார் ஓனர். "நான்தாங்க குடியிருக்கப் போறேன், என்கிட்டப் பேசுங்க" என்றேன். பேசினார்.

ஏப்ரல் 9, செவ்வாய்

மருத்துவமனையில் டெமோ. நான் அந்த புராஜெக்டில் இல்லை. ஆனாலும் லேப்டாப் கோளாறு வந்தால் பார்க்க ஆள் வேண்டும் என்று பெனாசிர் என் பெயரைச் சேர்த்துவிட்டாள். சாருக்குப் பிடிக்கவில்லை, வேண்டாம் என்று சொல்ல நேரமுமில்லை.

பெரிய ஹால். டாக்டர்கள், நர்ஸ்கள், கவுன்ட்டர் பெண்கள், ஞானசேகர். நிர்மல் ஒவ்வொன்றாகக் காட்டினான். திரையில் ஒரு கற்பனை நோயாளி, கல்யாணமான பெண். லேப் ரிசல்ட் வருகிறது. உடனே கணவருக்கு மெசேஜ் போகிறது. "ஆட்டோமேட்டிக்கா!" என்றார் ஞானசேகர். சிலர் கைதட்டினார்கள்.

நான் எழுந்து நின்றேன். திட்டமிடவில்லை என்று சத்தியமாகச் சொல்கிறேன். கால் தானாக எழுந்தது.

"இந்த மாடலை வரைஞ்சது நான். 'யாருடைய சம்மதம்'னு இதுல ஒரு கட்டம் இருந்துச்சு. நான் காலியா விட்டிருந்தேன். அதுல இப்ப புருஷன்னு போட்டிருக்காங்க."

"தமயந்தி, உக்காருங்க" என்றார் சார்.

"உக்கார்றேன் சார், ஒரு நிமிஷம். போன மாசம் நான் ஒரு கிளினிக்குக்குப் போனேன். இனிமே குழந்தை வேண்டாம்னு காப்பர்-டி போட்டுக்கிட்டேன். எனக்கு அது உயிர்ப் பிரச்னை. அந்த மெசேஜ் இதே மாதிரி, ஆட்டோமேட்டிக்கா, என் வீட்டுக்காரருக்குப் போச்சு. சாப்பிடற இடத்துல, என் குழந்தை முன்னாடி, சத்தமாப் படிச்சார். இன்னைக்கு நானும் என் பொண்ணும் வேற வீட்டுல இருக்கோம். எனக்குச் சம்பளம் இருக்கு, பஸ் ஏறத் தெரியும், வந்துட்டேன். உங்க கவுன்ட்டருக்கு வர்ற எல்லாருக்கும் அது முடியுமா?"

குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

முன்வரிசையிலிருந்து மகப்பேறு டாக்டர் லூர்துமேரி திரும்பினார். அறுபதை நெருங்கும் வயது, குட்டையாக வெட்டிய நரைமுடி. "ஞானசேகர், ஏன் கேக்கறதில்லைன்னு சொன்னீங்க?"

"கூட்டம் டாக்டர். டைம் ஆகும்."

அவர் என்னைப் பார்த்தார். "உங்க பேர் என்னம்மா?"

"தமயந்தி."

"தமயந்தி, உங்க ரிப்போர்ட்டை யார்கிட்டச் சொல்லலாம்?"

"என்கிட்ட மட்டும், டாக்டர்."

ஞானசேகர் பக்கம் திரும்பினார். "முடிஞ்சுது. இவ்வளவுதான் டைம். என் டிபார்ட்மென்ட்ல கேக்காம ஒரு மெசேஜ் போனா அன்னைக்கு ஓ.பி. பார்க்கமாட்டேன்."

பின்வரிசையில் கவுன்ட்டர் பெண் ஒருத்தி, "நாங்க கேக்கறோம் சார், ஒண்ணும் கஷ்டமில்லை" என்றாள். ஞானசேகர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பெனாசிர் தலையைக் குனிந்து கணினியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் பார்த்தால், பிழைப் பட்டியலில் முதல் பிழையாக அதையே ஏற்றியிருந்தாள்.

ஏப்ரல் 12, வெள்ளி

கட்டம் மறுபடி காலியாகிவிட்டது. நிர்மல்தான் செய்தான். உடனே எல்லா இடத்திலும் பிழை காட்டி நின்றதாம். ஒவ்வொரு டீமும் 'எங்க இடத்துல யார் கேக்கறது?' என்று அலைகிறார்களாம். அலையட்டும்.

எனக்கு புராஜெக்ட் திரும்பக் கிடைக்கவில்லை. ஜெராக்ஸ் மெஷின் பக்கமேதான். ஹெச்.ஆரிலிருந்து கூப்பிட்டு, கிளையன்ட் முன்னால் சொந்த விஷயம் பேசியதற்கு மன்னிப்பு எழுதித் தரச் சொன்னார்கள்.

"எந்தத் தப்புக்கு?" என்று கேட்டேன்.

"ஃபார்மாலிட்டி மேடம்."

"ஃபார்மாலிட்டிக்கு நான் மன்னிப்பு எழுதறதில்லை."

வெளியே வரும்போது அருட்செல்வம் சார் லிஃப்ட் அருகே நின்றார். "என் பொண்ணுகிட்டச் சொன்னேன், நீங்க பேசுனதை" என்றார். அவள் என்ன சொன்னாள் என்று சொல்லவில்லை. லிஃப்ட் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப் பிறப்பு. சிங்காநல்லூர்ப் புது வீட்டில் பால் காய்ச்சினோம். மிருதுளா மாங்காய்ப் பச்சடியில் வெல்லத்தை அள்ளிக் கொட்டிவிட்டாள். கிளினிக் பரிசோதனைக்கும் நேற்றே போய்விட்டு வந்தேன். எல்லாம் நன்றாக இருக்கிறது.

ஏப்ரல் 21, ஞாயிறு

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கேட் சத்தம். அவர். கையில் மிருதுளாவுக்குப் பிடித்த தேன்மிட்டாய் பொட்டலம். ஷேவ் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். எனக்கு இரக்கம் வந்தது, மறைக்கவில்லை, இங்கே எழுதுகிறேன்.

மாடிப்படி ஏறி வந்தார். இத்தனை வருஷத்தில் நான் இருக்கும் எந்த அறைக்குள்ளும் அவர் நேராக வந்துவிடுவார். குளியலறைக் கதவைக்கூடத் தட்டியதில்லை. இன்று கடைசிப் படியில் நின்றார். திறந்திருந்த கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"உள்ளே வரலாமா?"

பத்து வருஷத்தில் முதல் தடவையாக அனுமதி கேட்டார். கேட்டதற்காகவே 'வாங்க' என்று சொல்லிவிடத்தான் வாய் போனது. ஆனால் கேட்பது என்றால் இரண்டு பதிலுக்கும் இடம் இருக்கவேண்டும்.

"இன்னைக்கு வேண்டாங்க" என்றேன். "மிருதுளாவை அனுப்பறேன். பார்க்குக்குக் கூட்டிட்டுப் போய்ட்டு, இருட்டறதுக்குள்ள கொண்டுவந்து விட்டுருங்க."

ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "சரி" என்றார்.

அப்பாவும் மகளும் படியிறங்கித் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். வாளியில் இன்னும் பாதித் துணி இருந்தது. வெயில் போவதற்குள் காயப்போட்டேன்.